ஈவோ 10-க்கு எந்தப் பெட்ரோல் எண்ணெய்: ஆக்டேன் 97 போதுமா, 100 வேண்டுமா?

சுங்கைசிப்புட்_ஈவோ:
அண்ணன்மாரே, ஜப்பானிலிருந்து வந்த மிட்சுபிஷி லான்சர் ஈவோ 10 காடி ஒன்று வாங்கியிருக்கிறேன், டியூன் எதுவும் செய்யவில்லை. ஷெல் வி-பவர், பெட்ரோனாஸ் பிரிமேக்ஸ் 97, பெட்ரோன் பிளேஸ் 100, இந்த மூன்றில் எதை நிரந்தரமாகப் போடலாம்? வேலை நாளில் தோட்டத்துச் சாலையில் மெதுவாகத்தான் ஓடும், ஆனால் ஞாயிறன்று சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலை ஏறும்போது இழுவை குறைகிற மாதிரி இருக்கிறது. ஆளுக்கு ஒரு பிராண்டு சொல்கிறார்கள், காரணம் கேட்டால் பதில் இல்லை.

ஈப்போ_பட்டறை:
தம்பி, முதலில் எண், அப்புறம்தான் பிராண்டு. ஆக்டேன் என்பது எண்ணெயின் சக்தி இல்லை, சிலிண்டருக்குள் அழுத்தமும் சூடும் ஏறும்போது தானாக வெடிக்காமல் எவ்வளவு தாங்கும் என்பதுதான். ஜப்பானில் உன் காடிக்கு ஹை-ஆக்டேன் போடுவார்கள், அங்கே அதற்குத் தரநிலையே குறைந்தது 96. அதனால் 95 பக்கம் போகாதே.

மிட்சுபிஷி இசியூவில், அதாவது என்ஜினை இயக்கும் கணினியில், தீப்பொறி எப்போது விழ வேண்டும் என்று சொல்லும் இக்னிஷன் மேப் இரண்டு உண்டு, நல்ல எண்ணெய்க்கு ஒன்று, மட்டமான எண்ணெய்க்கு ஒன்று. எண்ணெய் தானாக வெடிப்பதால் வரும் தட்டல் நாக் சென்சாரில் பதிவானால் கொஞ்சம் கொஞ்சமாக இரண்டாவது மேப் பக்கம் சாயும், திரும்பி வரவும் நேரம் எடுக்கும். மலையில் டர்போவும் சூடு, உள்ளே போகும் காற்றும் சூடு, தட்டல் வர அதுவே போதும். பாதி டாங்கி பழைய எண்ணெய்க்கு மேல் 100 ஊற்றிவிட்டு மறுநாளே வித்தியாசம் இல்லை என்று சொல்கிறவர்களை நம்பாதே. டாங்கியைக் கிட்டத்தட்டக் காலியாக்கி, ஒரே எண்ணெயை இரண்டு மூன்று முறை நிரப்பி ஓட்டு, ஈவோஸ்கேன் மென்பொருளில் நாக் சம், அதாவது இசியூ பதிவு செய்த தட்டல் அளவைப் பார்.

செம்பனை_டர்போ:
பட்டறை அண்ணன் சொன்னது சரி. பிராண்டு வித்தியாசம் என்பது பெரும்பாலும் எண்ணெயில் கலக்கும் கழுவும் மருந்தில்தான். ஈவோ 10-இல் எண்ணெய் வால்வுக்கு முன்னாலேயே பீய்ச்சப்படுகிறது, அதனால் அந்த மருந்து வால்விலும் படும். சிலிண்டருக்குள் மட்டும் நேரடியாகப் பீய்ச்சும் காடிகளுக்கு இந்தப் பலன் கிடைக்காது. நான் வி-பவர்தான் போடுகிறேன், டெக்ரான் என்ற கழுவும் மருந்து கலந்த கால்டெக்ஸும் நல்லதுதான். அதைவிட முக்கியம், சின்ன ஊரில் 97 வாங்குகிறவர்கள் குறைவு, ஆகவே விற்பனை ஓடுகிற ஸ்டேசனாகப் பார்த்துப் போடு.

சுங்கைசிப்புட்_ஈவோ:
நன்றி அண்ணே. 97 விலையே வாராவாரம் மாறுகிறது, 100 அதைவிடக் கூடுதல், தினமும் கட்டுப்படியாகாது. கலக்கலாமா?

ஈப்போ_பட்டறை:
தாராளமாக. சம அளவு கலந்தால் ஏறக்குறைய 98.5 வரும். வேலை நாளில் 97 போதும். மலைக்கு என்றால் கிளம்பும் காலையில் போடாதே, வெள்ளிக்கிழமையே 100 போட்டு ஓட்டிவிடு, இசியூ நல்ல எண்ணெய் மேப்புக்குத் திரும்பி வரட்டும். அதற்குப் பிறகும் இழுவை குறைந்தால் எண்ணெயை விட்டுவிட்டு பிளக்கையும் டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் குழாயில் காற்றுக் கசிவையும் பார்க்கச் சொல்.