இரண்டு விதப் பிள்ளைகளுக்கும் பொருந்தும் பயிற்சி தேவை

வணக்கம் நண்பர்களே. சிங்கப்பூரின் ஈசூனில் வார இறுதியில் தொடக்கநிலை 3 பிள்ளைகளுக்குத் தமிழில் கதை எழுதப் பழக்குகிறேன். மிகுந்த திறமையுள்ள பிள்ளைகளுக்காக 1984இல் தொடங்கிய மீத்திறன் கல்வித் திட்டம் மாறும், இனி எல்லாத் தொடக்கப்பள்ளிகளும் மீத்திறன் பிள்ளைகளைக் கவனிக்கும் என்று 2024 தேசிய தினப் பேரணியில் பிரதமர் சொன்னது நல்ல செய்திதான், ஆனால் சட்டென்று முடித்துவிட்டுச் சலித்துப்போகும் பிள்ளையும், யோசனை நிறைய இருந்தும் "டீச்சர், இது சரியா?" என்று கேட்டபடி பென்சிலைத் தொடாத பிள்ளையும் ஒரே மேசையில் இருந்தால் என்ன செய்வது? ஸ்டிக்கர் கொடுக்க எனக்கு விருப்பமில்லை. பரிசு தருவதாகச் சொல்லி வரையவைத்த பாலர்கள் பிறகு தாமாக வரைவது குறைந்ததை 1973இலேயே ஒரு ஸ்டான்ஃபோர்டு ஆய்வு காட்டியிருக்கிறது. இருவரையும் சேர்த்து இழுக்கும் பயிற்சி ஏதாவது செய்து பார்த்த ஆசிரியர்கள், பெற்றோர்கள் இருந்தால் கொஞ்சம் விவரமாக எழுதுங்களேன். அப்புறம், தமிழ் அதிகம் பேசாத வீட்டுப் பிள்ளைகளுக்கும் அது ஒத்துவர வேண்டும்.