அட்ரோபின் எத்தனை இருக்கிறது?

மருந்தாளுநர், டெல்டா மாவட்டம்:

பார்மசியில் வேலை பார்ப்பவர்களுக்கு இண்டென்ட் (மருந்து கேட்டு அனுப்பும் பட்டியல்) போடும் விதம் தெரியும். போன வருடம் என்ன செலவு, மாதச் சராசரி என்ன, அதற்குமேல் கொஞ்சம் கையிருப்பு. பாரசிட்டமாலுக்கும் மெட்பார்மினுக்கும் இது நன்றாகவே ஓடும். விஷமுறிவு மருந்துக்கு ஓடாது. எனக்கு அதைக் காட்டியது ஒரு பூச்சிமருந்து கேஸ்.

அப்போது ஒரு தாலுகா மருத்துவமனையில் இருந்தேன். ராத்திரி ஒரு இளைஞனைத் தூக்கி வந்தார்கள். வாயில் நுரை, கண்மணி ஊசிமுனை அளவு, சட்டை முழுக்க வியர்வை, நெஞ்சில் களகளவென்று சத்தம். பார்த்ததுமே டியூட்டி டாக்டர் ஆர்கனோபாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்து என்று சொல்லிவிட்டார். அதற்கு முறிவு அட்ரோபின் ஊசி. நம் ஊரில் கிடைக்கும் அட்ரோபின் ஆம்பூல் (உடைத்து எடுக்கும் சிறு கண்ணாடிக் குப்பி) ஒன்றில் 0.6 மி.கி. இருக்கும். தொடக்கம் 3 ஆம்பூல். ஐந்து நிமிடம் பார்த்து, நெஞ்சுச் சத்தம் அடங்கவில்லை என்றால் இரட்டிப்பு. 3, 6, 12, 24 என்று போனால் கால் மணி நேரத்தில் 45 ஆம்பூல் காலி. நெஞ்சு தெளிந்து, அக்குள் காய்ந்து, நாடித்துடிப்பு 80-ஐத் தாண்டிய பிறகும் விடுதலை இல்லை. அதுவரை கொடுத்த மொத்தத்தில் 10 முதல் 20 சதவீதம் மணிக்கு மணி ட்ரிப்பில் போக வேண்டும். நாளுக்கு நூறு ஆம்பூலைத் தாண்டிவிடும், அதுவும் ஒரே ஆளுக்கு. எங்கள் மாதச் சராசரி அதில் பாதிகூடக் கிடையாது.

கேஷுவாலிட்டி ட்ரேயில் இருந்தது முதல் இரண்டு சுற்றுக்குத்தான் வந்தது. மிச்சம் ஸ்டோரில், சாவி குவார்ட்டர்ஸில். சிஸ்டர்கள் இரண்டு பேர் ஆம்பூல் உடைத்தே கை கீறிக்கொண்டார்கள். பையனை 108-இல் மேல் மருத்துவமனைக்கு அனுப்பும்போது ஒரு பெட்டி அட்ரோபினையும் கூடவே ஏற்றிவிட்டோம். மூன்றாம் நாள் தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாமல் போய், வென்டிலேட்டரில் வைத்தார்கள். இந்த விஷத்தில் அப்படி ஒரு கட்டம் உண்டு, தெளிந்துவிட்டான் என்று நினைக்கும்போதுதான் வரும். பிழைத்துக்கொண்டான்.

அதிலிருந்து முறிவு மருந்துக்கு நான் சராசரி பார்ப்பதில்லை. 'ஒரே ராத்திரியில் இரண்டு பேர் வந்தால் விடியும்வரை தாங்குமா?' என்றுதான் பார்க்கிறேன். அமெரிக்காவில் நச்சியல் நிபுணர்கள் கூடி எழுதிய வழிகாட்டியும் ஏறக்குறைய இதே வழிதான்: 100 கிலோ எடையுள்ள ஒருவருக்கு முதல் 8 மணி நேரத்துக்கு எவ்வளவு, 24 மணி நேரத்துக்கு எவ்வளவு என்று கணக்கிடுகிறார்கள். ஆம்பூலோடு 10 மி.லி. வயலும் (ரப்பர் மூடி போட்ட மருந்துக் குப்பி) வாங்கி வைத்தால் உடைக்கும் நேரம் மிச்சம்.

செவிலியர், ஆரம்ப சுகாதார நிலையம்:

அண்ணே, பாம்புக்கடிக்கும் இதே கதைதான். எங்களுக்கு வருவது பொடியாக உள்ள விஷமுறிவு மருந்து. தொடக்கத்திலேயே 10 வயல். ஒவ்வொன்றிலும் 10 மி.லி. தண்ணீர் விட்டுக் கரைக்க வேண்டும். அவசரத்தில் குலுக்கினால் நுரைத்துவிடும், மெதுவாகச் சுழற்ற வேண்டும். தனி ஆளாக இருந்தால் இதிலேயே நேரம் போய்விடும். அலர்ஜி வரலாம் என்பதால் அதை அடக்கும் அட்ரினலினைச் சிரிஞ்சில் எடுத்துப் பக்கத்தில் வைத்த பிறகுதான் ட்ரிப்பைத் திறப்போம்.

மருந்துப் பட்டியலில் வராத ஒரு பொருளையும் சொல்கிறேன்: கண்ணாடிக் குழாய். கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் விஷம் ரத்தத்தை உறைய விடாது. அந்தக் கடிக்கு 2 மி.லி. ரத்தத்தைச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, உறைந்ததா என்று பார்க்க வேண்டும். இப்போது எங்கும் பிளாஸ்டிக் குழாய். அதில் பார்த்தால் நல்ல ரத்தமும் உறையாமல் ஏமாற்றும். சோப்புப் போட்டுக் கழுவிய கண்ணாடியும் அப்படியே. மருந்து பெட்டி நிறைய இருக்கும், பத்து ரூபாய்க் குழாய் இருக்காது!

கட்டுவிரியன் விஷம் நரம்பைத் தாக்குவது, அதற்கு அந்தச் சோதனையும் உதவாது. தரையில் படுத்திருந்த ஒரு அம்மா விடியற்காலை வயிற்றுவலி என்று வந்தார். கடித்த தடமே இல்லை. இமை இரண்டும் தொங்கியதைப் பார்த்துத்தான் டாக்டர் கண்டுபிடித்தார்.

வாசகர், யாழ்ப்பாணம்:

எங்கள் பக்கம் விஷம் என்றால் மஞ்சள் அலரி விதை. 1980களிலிருந்தே வைத்தியசாலைகளுக்குப் பெரும் பிரச்சினை. அது இதயத்தைத் தாக்கும், நாடி தாறுமாறாகும். அலரி விஷம் டிகாக்சின் என்ற இதய மருந்தைப் போன்றது; செம்மறியாட்டில் தயாரிக்கும் டிகாக்சின் எதிர்ப்புப் புரதம் இதற்கும் நன்றாக வேலை செய்கிறது என்று 2000ஆம் ஆண்டு இலங்கையில் நடந்த ஆய்வே காட்டியது. ஆனால் விலை கட்டுப்படியாகாமல் வரத்து நின்றபோது இறப்பு கூடியது. மருந்து உலகத்தில் இருக்கிறது, நம் வாங்கும் சக்திக்குள் இல்லை. மிச்சம் இருப்பது வயிற்றில் விஷத்தை உறிஞ்சும் கரித்தூள், அட்ரோபின், நாடியைச் சீராக்கும் தற்காலிக பேஸ்மேக்கர் கருவி. பேஸ்மேக்கர் உள்ள இடத்துக்கு ஆளைக் கொண்டு சேர்ப்பதே பாதி வைத்தியம்.

108 ஊழியர்:

ஒரு வேண்டுகோள். உப்புத் தண்ணீர், புளித் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மயக்கத்தில் அது நுரையீரலுக்குள் போய்விடும். எதைக் குடித்தாரோ அந்தப் பாட்டிலையும் எடுத்து வாருங்கள், லேபிள் இருந்தால் டாக்டருக்குப் பாதி வேலை முடிந்தது. எலி பேஸ்ட் தின்றவர் முதல் இரண்டு நாள் நன்றாகத்தான் இருப்பார். கல்லீரல் கெடுவது அதற்கப்புறம். 'நல்லாத்தானே இருக்கான்' என்று வீட்டுக்குக் கூட்டிப் போகாதீர்கள்.

மருந்துக் கிடங்குப் பொறுப்பாளர்:

நண்பரே, இரண்டு பேர் கணக்கு சரி, ஆனால் அதுவும் போதாத நாள் வரும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்தவர்கள் நூற்றுக்கும்மேல் வந்தார்கள், 60 பேருக்குமேல் இறந்தார்கள். சேலம், விழுப்புரம், புதுச்சேரி ஜிப்மர் என்று பிரித்து அனுப்ப வேண்டியிருந்தது. மெத்தனாலுக்கு முறிவான எத்தனால் அல்லது ஃபோமெபிசோல், ரத்தத்தின் அமிலத்தைக் குறைக்கும் பைகார்பனேட், டயாலிசிஸ் எல்லாம் ஒரே நாளில் வேண்டும் என்றால் எந்த மருத்துவமனை தனியாகத் தாங்கும்? யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்று மாவட்டம் முழுக்க ஒரு பட்டியல் வேண்டும்.

அப்புறம், இவ்வளவு வாங்கி வைத்துக் காலாவதியானால் ஆடிட்டுக்கு யார் பதில் சொல்வது?

மருந்தாளுநர், டெல்டா மாவட்டம்:

பட்டியல் யோசனை நல்லது சார். ஆடிட் பயத்தில்தான் பல இடங்களில் வாங்காமலே விடுகிறார்கள். நான் செய்வது இது: காலாவதிக்கு ஆறு மாதம் இருக்கும்போதே அட்ரோபினையும் பாம்பு மருந்தையும் பெரிய மருத்துவமனைக்கு மாற்றிவிட்டு, பதிலுக்குப் புதுசு வாங்கிக்கொள்வேன். அங்கே இரண்டு வாரத்தில் செலவாகிவிடும். மாற்றும் கடிதத்தின் நகல் கோப்பில் இருக்கும், ஆடிட்டர் கேட்டால் அதைத்தான் நீட்டுவேன். எப்போதாவது ஒருமுறை வேண்டிய மெத்திலீன் ப்ளூ போன்ற முறிவு மருந்தை மட்டும் வீணானாலும் பரவாயில்லை என்று வாங்குகிறேன், கோப்பில் காரணம் எழுதி மேலதிகாரியிடம் கையெழுத்தும் வாங்கிவிடுகிறேன். டெல்லி எய்ம்ஸ் விஷத் தகவல் மையத்தின் எண் 1800 116 117-ஐக் கேஷுவாலிட்டி போனுக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். ஸ்டோர் சாவியில் ஒன்று இப்போது டியூட்டி சிஸ்டரிடம்.