'மாட்டுமாதம்': மேய்ச்சற் பொருளியலுக்கு ஓர் அளவைச் சொல்

அன்புடையீர், வணக்கம்.

அமெரிக்காவின் அரச காணிகளில் கால்நடை மேய்ப்பதன் பொருளியலைப் பற்றித் தமிழில் எழுதப் புகுந்தால் முதற் பந்தியிலேயே ஓர் அலகு குறுக்கே வந்து நிற்கிறது. கன்றோடு கூடிய ஒரு பசுவோ, ஒரு குதிரையோ, ஐந்து செம்மறியாடுகளோ வெள்ளாடுகளோ ஒரு மாதம் தின்னும் புல்லின் அளவே அந்த அலகு. சமஷ்டி அரசு மேய்ச்சற் கட்டணத்தைக் காணியின் பரப்புக்கு வாங்குவதில்லை. இந்த அலகுக்கே வாங்குகிறது. இதற்குக் 'கால்நடை அலகு மாதம்' என்ற சொல் முன்வைக்கப்பட்டிருக்கிறது. பிழையில்லாத சொல்தான், எனினும் மூன்று பெயர்கள் மூட்டின்றி அடுக்கி நிற்பதால், அளக்கப்படுவது கால்நடையா, மாதமா, புல்லா என்பது அதில் தெரியவில்லை.

வினைத்தொகையாக 'மேய்மாதம்' என்று அமைக்கலாம் என்றார் இன்னொருவர். ஊறுகாய், சுடுகாடு போல அழகாக இருக்கிறது. ஆனால் வகுப்பறையில் வாய்விட்டுச் சொன்னால் மாணவர் காதில் 'மே மாதம்' என்றே விழும். காதில் தவறும் சொல்லைக் கட்டணக் கணக்கில் வைக்க முடியாது.

என் பரிந்துரை 'மாட்டுமாதம்'. 'ஆள்நாள்' என்ற சொல்லை நாம் ஏற்கெனவே தடையின்றி வழங்குகிறோம். அது ஆளையும் அளப்பதில்லை, நாளையும் அளப்பதில்லை, ஓர் ஆள் ஒரு நாளில் செய்யும் வேலையையே அளக்கிறது. அவ்வாறே மாட்டுமாதம் என்பது ஒரு மாடு ஒரு மாதத்தில் தின்னும் தீனை அளக்கும். ஆட்டுக்கும் குதிரைக்கும் மாட்டின் பெயரா என்று கேட்டால், நீரிறைக்கும் இயந்திரத்துக்குக் குதிரைவலு என்று சொல்லும் ஊரில் அது தடையாகாது என்பேன். கணக்குக்கு ஒரு மாடாகக் கொள்வது 'மாட்டலகு', அது ஒரு நாளில் தின்பது 'மாட்டுநாள்' என்று இனச்சொற்களும் இதிலிருந்து இயல்பாகக் கிளைக்கின்றன.

சொல்லை வாக்கியத்தில் வைத்துப் பார்ப்போம். 100 மாடுகளை 6 மாதம் விட்டாலும், 200 மாடுகளை 3 மாதம் விட்டாலும் கணக்கு 600 மாட்டுமாதமே. 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின் சூத்திரப்படி கட்டணம் ஆண்டுதோறும் கணிக்கப்படுகிறது. 1986இல் பிறப்பிக்கப்பட்ட சனாதிபதி ஆணையின்படி அது மாட்டுமாதத்துக்கு 1.35 டொலருக்குக் கீழே இறங்கக்கூடாது. 2024இலும் 2025இலும் கட்டணம் அந்த அடிமட்டத்திலேயே நின்றது. ஆகவே அவ்வாண்டுகளில் 600 மாட்டுமாதத்துக்கு 810 டொலர். மேற்கு மாநிலங்களின் தனியார் காணிகளில் மாட்டுமாதம் சராசரியாக 20 டொலரைத் தாண்டுவதால், அதே புல்லுக்கு அங்கே 12,000 டொலருக்கு மேல் கொடுக்க நேரும். தனியார் காணியில் வேலியும் தண்ணீரும் பெரும்பாலும் உரிமையாளர் பொறுப்பு என்பதால் இந்த வித்தியாசம் முழுவதையும் சலுகை என்று எண்ணிவிடக்கூடாது. ஆயினும் 2004 நிதியாண்டில் சமஷ்டி நிறுவனங்கள் மேய்ச்சலுக்காகக் குறைந்தது 144 மில்லியன் டொலர் செலவிட்டு, ஏறத்தாழ 21 மில்லியனையே கட்டணமாகப் பெற்றன என்று அந்நாட்டு நாடாளுமன்றத்தின் கணக்காய்வு அலுவலகம் 2005இல் கண்டது.

இங்கே இன்னொரு சொல்லையும் காக்க வேண்டும். 'மேய்ச்சல் உரிமை' என்று சிலர் எழுதுகிறார்கள். 1934ஆம் ஆண்டின் டெய்லர் மேய்ச்சற் சட்டம், அனுமதி பெற்றவருக்கு அக்காணியில் எவ்வித உரித்தும் பிறக்காது என்று தெளிவாகச் சொல்கிறது. ஆனால் அனுமதி பண்ணையாளரின் சொந்தக் காணியோடு பிணைந்திருப்பதால், அக்காணி கைமாறும்போது மலிவான புல்லின் பெறுமதியும் விலையில் ஏறிவிடுகிறது. புதிதாக வாங்கியவர் அந்தச் சலுகைக்கு முன்கூட்டியே பணம் கொடுத்துவிட்டதால் கட்டண உயர்வை வன்மையாக எதிர்க்கிறார். சட்டம் மறுத்ததைச் சந்தை விலையிட்டு விற்கும் இந்த முரணே அங்குள்ள விவாதத்தின் கரு. அதனைக் காட்ட 'மேய்ச்சல் அனுமதி' என்றே எழுத வேண்டும். 'உரிமை' என்றால் விவாதத்தையே ஒரு பக்கத்துக்குத் தீர்த்துவிடுகிறோம்.

'மாட்டுமாதம்' என்பதில் எனக்கும் ஒரு கவலை உண்டு. மாடு என்றதும் நம் வாசகர் தரவையில் மேயும் நாட்டு மாட்டையே நினைப்பார். மேற்சொன்ன அலகின் பசு 1,000 இறாத்தல், அதாவது ஏறத்தாழ 450 கிலோகிராம். நம் நாட்டு மாடு பெரும்பாலும் அதில் பாதியைக்கூட எட்டாது. ஆகவே பட்டியில் எண்ணிய தலைகளை அப்படியே மாட்டலகாகக் கொள்ள முடியாது. அகராதிப் பதிவில் எடையும் சேரட்டும் என்பதற்காக இந்த வரைவைத் தருகிறேன்:

மாட்டுமாதம்: 450 கிலோகிராம் எடையுள்ள, கன்றோடு கூடிய ஒரு பசு ஒரு மாதத்துக்குத் தின்னும் தீனின் அளவு, மேய்ச்சற் கட்டணத்துக்கும் மேய்ச்சல்தரையின் தாங்குதிறனுக்கும் அலகு.

'தாங்குதிறன்' (ஒரு தரை கெடாமல் தாங்கக்கூடிய மேய்ச்சலின் அளவு) என்பதற்கு மாற்றுச் சொல் வைத்திருப்போர் எழுதினால், மாரிக்குப் பின் புல் மண்டி வைகாசிக்குள் காய்ந்துவிடும் தரவைக்கும் அச்சொல் பொருந்துமா என்று சேர்த்துப் பார்க்கலாம்.