ஆபீஸ் நெட்வொர்க்கில் ஐபி மோதல்: எல்லாவற்றுக்கும் கையால் ஐபியா, ரவுட்டரே தானாகக் கொடுக்கும் டிஎச்சிபியா?

கோவை_கணக்கர்:
எங்கள் ஆபீஸில் 40 கம்ப்யூட்டர். காலையில் எல்லாரும் ஆன் செய்ததும் யாராவது ஒருவருக்கு ஐபி மோதல் (ஒரே ஐபி எண் இரண்டு மிஷினில்) என்று செய்தி வந்து நெட் போய்விடுகிறது. ரவுட்டர் தானாகக் கொடுக்கும் ஐபி 192.168.1.20 முதல் 200 வரை. பிரிண்டர், வருகைப்பதிவு மிஷின், கேமரா டிவிஆர் மூன்றுக்கும் அந்த எல்லைக்குள்ளேயே கையால் போட்ட ஐபி. என்ன செய்யலாம்?

கேபிள்ராஜா:
டிஎச்சிபியை நிறுத்திவிட்டு 40க்கும் கையால் ஐபி போடுங்கள். ஒரு எக்செல் ஷீட்டில் எழுதி வையுங்கள். புது மிஷின் வந்தால் பிங் (அந்த எண்ணில் மிஷின் இருக்கிறதா என்று கேட்கும் கட்டளை) அடியுங்கள், பதில் வராத எண்ணைக் கொடுங்கள்.

நெட்வொர்க்_மீனாட்சி:
ராஜா சார், அந்த பிங் யோசனை ஆபத்தானது. பதில் வரவில்லை என்பதற்காக அந்த எண் காலி என்று ஆகாது. மிஷின் அணைந்திருக்கலாம், விண்டோஸ் ஃபயர்வால் பிங்கைத் தடுத்திருக்கலாம். கோவைக்காரர் சொல்வதும் அதே கதையாகத்தான் தெரிகிறது. இரவில் பிரிண்டரை அணைத்துவிட்டுப் போகிறார்கள். காலையில் முதலில் வரும் கம்ப்யூட்டருக்கு ரவுட்டர் அந்த எண்ணைக் கொடுத்துவிடுகிறது. பிறகு பிரிண்டர் எழுந்து அதே எண்ணைப் பயன்படுத்துகிறது.

அடுத்த முறை செய்தி வந்ததும் இன்னொரு கம்ப்யூட்டரில் ஏஆர்பி பட்டியலை (எந்த ஐபி எந்த மிஷினிடம் என்று காட்டுவது) திறந்து, மோதும் ஐபிக்கு நேரே உள்ள மேக் முகவரியை, அதாவது மிஷினின் அடையாள எண்ணைப் பாருங்கள். பெரும்பாலும் முதல் 6 எழுத்தே எந்தக் கம்பெனி மிஷின் என்று சொல்லிவிடும். கம்ப்யூட்டரில் நடப்பதைப் பதிந்து காட்டும் விண்டோஸ் ஈவென்ட் வியூவரில் 4199 என்ற பதிவிலும் எதிராளியின் மேக் இருக்கும்.

கேபிள்ராஜா:
ஏஆர்பி பார்ப்பது சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ரவுட்டர் ஒரு நாள் படுத்தால் டிஎச்சிபி ஆபீஸ் முழுக்கப் படுத்துவிடுமே?

நெட்வொர்க்_மீனாட்சி:
உடனே படுக்காது. ரவுட்டர் ஐபியைக் குறிப்பிட்ட காலத்துக்குக் குத்தகை போலக் கொடுக்கிறது; அந்தக் காலம் முடியும்வரை வாங்கிய ஐபி செல்லும். பாதிக் காலத்திலேயே கம்ப்யூட்டர் அதைப் புதுப்பிக்கக் கேட்க ஆரம்பித்துவிடும். 40 பேரின் ஷீட்டை யார் பராமரிப்பார்கள், சொல்லுங்கள்? எழுதியவர் வேலையை விட்டுப் போனதும் ஷீட் பொய்யாகிவிடும். எல்லையை 100 முதல் 200 வரை சுருக்கி, மூன்று மிஷினுக்கும் மேக் வைத்து ரவுட்டரில் ரிசர்வேஷன் (இந்த மேக்குக்கு எப்போதும் இதே ஐபி என்று) போடுங்கள்.

கேபிள்ராஜா:
எல்லையைச் சுருக்குவது நல்லது. ரிசர்வேஷனில்தான் எனக்கு உடன்பாடில்லை. சிறிய ஆபீஸில் இன்டர்நெட் கம்பெனி ரவுட்டரை மாற்றினால் அத்தனை ரிசர்வேஷனும் போய்விடும். மறுநாள் வருகைப்பதிவு மிஷினை சாஃப்ட்வேர் தேடிக்கொண்டிருக்கும். அந்த மூன்றுக்கும் எல்லைக்கு வெளியே, 10, 11, 12 என்று கையாலேயே போடட்டும்.

நெட்வொர்க்_மீனாட்சி:
மூன்றே மிஷின் என்றால் அதுவும் சரி, எண்ணை மிஷின் மேலேயே ஒட்டிவிடுங்கள். முப்பது ஆனால் ரிசர்வேஷன்தான். இதற்குப் பிறகும் மோதினால், பாதித்த கம்ப்யூட்டரில் டிஎச்சிபி சர்வர் எது என்று பாருங்கள். உங்கள் ரவுட்டர் அல்லாத வேறு எண் இருந்தால், யாரோ வைஃபைக்காக வீட்டு ரவுட்டரைக் கொண்டுவந்து செருகியிருக்கலாம்.

கோவை_கணக்கர்:
மேக் பார்த்தேன், பிரிண்டர்தான். இன்று மாலை எல்லாரும் கிளம்பியதும் எல்லையை மாற்றுகிறேன். மூன்றுக்கும் 10, 11, 12.