கிக்பேக்குக்குத் தமிழில் என்ன சொல்வது?

களுவாஞ்சிகுடியிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம்.

வீட்டுக் கொட்டிலில் மின்வாள் வைத்து வேலை செய்கிறவர்களுக்காக ஒரு பக்க அறிவுறுத்தல் எழுதிக்கொண்டிருக்கிறேன். எங்கள் பக்கம் இப்போது அடிக்கடி கண்ணில் படுகிற காட்சி இது: கையில் பிடித்து அரிகிற வட்ட மின்வாள் ஒன்றை வாங்கி, ஒட்டுப்பலகை மேசையின் அடியில் தலைகீழாகப் பூட்டி, மேசைவாள் ஆக்கிவிடுகிறார்கள். பாதுகாப்பு என்று அதில் மிஞ்சுவது கடவுள் ஒருவர்தான்.

தள்ளுகோல், காப்புறை, கண் கண்ணாடி எல்லாவற்றுக்கும் சொல் தானாக வந்துவிட்டது. இரண்டு இடத்தில் இடறுகிறது. அரிகிறபோது கட்டையோ வாளோ பிடித்திருக்கிறவன் மேலேயே பாய்ந்து வருகிற கிக்பேக் என்பதற்குப் 'பின்னுதை' என்று போட்டேன். அதைத் தடுக்க வாளுக்கு அப்பால் பூட்டுகிற தகடான ரைவிங் நைஃப் என்பதற்குப் 'பிளப்புக் கத்தி'. எழுதியதைத் தச்சுவேலை செய்கிற என் பெரியப்பா மகனுக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "பின்னுக்கு உதைக்கும் எண்டா நான் முன்னுக்கு நிண்டாக் காணும்தானே?" என்றார். பகிடிக்குக் கேட்கிறார் என்று நினைத்தேன். இல்லை, உண்மையாகவே கேட்டார். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

என்ன செய்யலாம்?


மட்டக்களப்பிலிருந்து:

தம்பி,

உங்கள் அண்ணன் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். அந்தச் சொல் அவரை நிற்கவே கூடாத இடத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது. ஆங்கிலத்தில் 'பேக்' என்றது தள்ளினவனிடமே திரும்பி வருவதை. நாம் 'பின்' என்று எழுதியதும் அது முதுகுப் பக்கமாகிவிட்டது.

சொல்லைத் தேடுமுன் அங்கே நடப்பதைப் பார்ப்போம். மேசைக்கு மேலே தெரிகிற வாளில், நம் பக்கத்துப் பல் கீழே இறங்குகிறது. அப்பால் உள்ள பல் மேலே ஏறுகிறது. இறங்குகிற பல் நமக்கு நண்பன். வெட்டும்போதே பலகையை மேசையோடு அமர்த்தி வைக்கும். வில்லங்கம் ஏறுகிற பல்லில். அரிந்த தடம் மூடிக்கொண்டு அந்தப் பல்லைக் கவ்வினாலும் சரி, பலகை, தான் ஒட்டி நகர வேண்டிய வழிகாட்டிச் சட்டத்தை விட்டு விலகி அந்தப் பல்லின் மேல் சாய்ந்தாலும் சரி, பல் அதைத் தூக்கி, வாளின் உச்சி வழியாக நம்மை நோக்கி எறியும். 10 அங்குல வாள் நிமிடத்துக்கு 4000 தடவை சுற்றினால் பல்லின் வேகம் செக்கனுக்கு ஏறக்குறைய 53 மீற்றர். மணிக்கு 190 கிலோமீற்றர். இமைக்கிற நேரம்கூடக் கிடையாது. எட்டி விலகலாம் என்பவர்கள் இன்னும் அடி வாங்காதவர்கள்.

நான் வாங்கியிருக்கிறேன். ஆறேழு வருடத்துக்கு முன் முதிரைச் சட்டம் ஒன்றை நீளப்பாட்டில் அரிந்துகொண்டிருந்தேன். வாளின் நேர்கோட்டிலேயே நின்றேன். முக்கால்வாசி போயிருக்கும், ஒரு வெடிச் சத்தம். பார்த்தால் கையில் கட்டை இல்லை, நான் நிலத்தில் குந்திக்கொண்டிருக்கிறேன். இடுப்பு மூன்று கிழமை கறுத்துக் கிடந்தது. அதைவிட எனக்கு இன்றுவரை நடுக்கம் தருவது வேறு. கட்டை பறக்கும்போது அதை அழுத்திக்கொண்டிருந்த கைக்குப் பிடி இல்லாமல் போகிறது. சில நேரம் கட்டையே கையை இழுத்துக்கொண்டு வாளின் மேல் போடும். விரல் போகிற விபத்துகளில் இதுவும் ஒரு வழி. என் கை அரை அங்குலத்தில் தப்பியது.

ஆகவே சொல், அடி யார் மேல் விழும் என்று காட்ட வேண்டும். 'எதிரடி' என்று வைக்கலாம் என்பது என் எண்ணம். நாம் தள்ளுகிறோம், அது எதிர்த்து அடிக்கிறது. எதிரில் நிற்பவன் நாம். 'பதிலடி' என்றும் யோசித்தேன், அதை அரசியல்வாதிகள் தேய்த்துவிட்டார்கள். 'கட்டையெறி' என்றால் மேசைவாளுக்கு மட்டும்தான் பொருந்தும். கைவாளில் பறப்பது கட்டை இல்லை, வாளே துள்ளித் தொடையை நோக்கி வரும். எதிரடி இரண்டுக்கும் பொருந்தும். பட்டறைச் சத்தத்தில் கத்திச் சொல்லவும் வாய்க்கு வருகிறது. எழுதும்போதே சேர்த்து எழுதிவிடலாம்: 'எதிரடிக் கோட்டில் நிற்காதே, இடப்பக்கம் அரையடி ஒதுங்கி நில்.'

இனி அந்தக் கத்தி. பெயரில் மட்டும்தான் அது கத்தி. எதையும் வெட்டாது, பிளக்காது. வாளுக்கு அப்பால், வாளோடு சேர்ந்து ஏறி இறங்கும் தகடு. வேலை ஒன்றுதான்: அரிந்த தடத்தை மூட விடாமல் வைத்திருப்பது. வாளின் உடல் 2.2 மில்லிமீற்றர், அது போடும் தடம் 3.2 மில்லிமீற்றர் என்றால் இந்தத் தகடு இரண்டுக்கும் நடுவிலான தடிப்பில் இருக்கும். மேசை மட்டத்தில் பல்லுக்கும் இதற்கும் உள்ள இடைவெளி 8 மில்லிமீற்றருக்குள் இருக்க வேண்டும். உயரம் வாளின் உச்சிக்குச் சற்றுக் கீழே.

இந்த வேலையைச் செய்கிற பொருளுக்கு நம்மிடம் பழைய பெயரே இருக்கிறது. முன்பு குழி தோண்டி, மரத்தைக் குறுக்கே கிடத்தி, மேலே ஒருவரும் கீழே ஒருவருமாக வாள் இழுத்த காலத்தில் தடம் நெரிந்து வாளைப் பிடித்தால் என்ன செய்தார்கள்? ஆப்பு வைத்தார்கள். பாதி அரிந்த மரத்தில் ஏறி உட்கார்ந்து ஆப்பை இழுத்த குரங்குக்கு என்ன நடந்தது என்பதும் எல்லாருக்கும் தெரியும். மேசைவாள் வாங்கின முதல் நாளே இடைஞ்சல் என்று இந்தத் தகட்டைக் கழற்றி மூலையில் போடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு அந்தக் குரங்குதான் ஞாபகம் வரும்.

'வாளாப்பு' எப்படி?


அக்கரைப்பற்றிலிருந்து:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம்.

நான் தளபாடப் பட்டறை வைத்திருக்கிறவன், சொல்லாராய்ச்சி தெரியாது. எங்கள் பொடியன்மார் இதைக் 'கிறுகி அடிக்கும்' என்பார்கள். கிறுகுவது என்றால் திரும்புவது. பலகை மூலை திரும்பி வாளில் ஏறுவதுதான் கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் அந்தப் பேச்சு. 'கிறுகடி' என்று வைத்தால் எங்கள் பக்கம் யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

சேர் சொன்னதில் ஒன்றைக் கூட்டிச் சொல்ல வேண்டும். தடம் ஏன் மூடுகிறது? முக்கால்வாசிக் காரணம் மரத்துக்குள்ளே இருக்கிறது. சாய்ந்து வளர்ந்த மரத்தில் சாய்வின் மேல்பக்கத்து மரம் இழுபட்டே வளர்ந்திருக்கும். வாள் போனதும் அந்த இழுவை அவிழ்ந்து பலகை வளையும். சரியாகக் காயாத மரமும் அப்படித்தான். மரக்காலையில் வாங்கும்போது நேராகத் தெரியும், அரியும்போதுதான் குணம் காட்டும். வேப்பங்குற்றி ஒன்றை அரியும்போது எங்கள் வாள் துப்பாக்கிச் சன்னத்தில் பட்டது. பல் இரண்டு போய்விட்டது. எங்கள் மாவட்டத்து மரத்துக்கு இதுவும் ஒரு குணம். பழைய வீட்டுக் கதவு நிலையை அரிகிறவர்கள் ஆணிக்காகவாவது காந்தத்தை ஒருதரம் ஓட்டிப் பார்க்கலாம்.

பெரிய பயம் எனக்கு மேசைவாள் இல்லை. நாலு அங்குல கிரைண்டரில் மரம் அரிகிற பல் தட்டைப் பூட்டுகிறார்கள். நிமிடத்துக்கு 11000 சுற்று. தட்டு கொள்ளவில்லை என்று காப்புறையையும் கழற்றிவிடுகிறார்கள். அதில் ஆப்பு வைக்க இடமே கிடையாது. ஒரு கையால் பிடிக்கிறான், மற்றக் கையால் கட்டையை அமர்த்துகிறான், சாரத்தோடு குந்தியிருக்கிறான். அது எகிறினால் போகிற இடம் தொடையும் வயிறும். உங்கள் பக்கத்தில் இதை முதல் வரியாகப் போடுங்கள் தம்பி. சொல் பிறகு பார்க்கலாம்.


சென்னையிலிருந்து:

நண்பர்களே, சுவையான இழை. இரண்டு தடங்கல்.

ஒன்று, 'வாள்' என்றால் இங்கே படிக்கிறவர் அரசர் கையில் இருப்பதைத்தான் நினைப்பார். எங்களுக்கு அது ரம்பம். 'வாளாப்பு' இங்கே செல்லாது. 'ரம்ப ஆப்பு' உங்களுக்கு ஒட்டாது. இரண்டு, ஆப்பு வைப்பது என்றாலே எங்கள் ஊரில் ஒருத்தரைக் கவிழ்ப்பது என்று அர்த்தம். பாதுகாப்புக் கருவிக்கு அந்தப் பெயரா?

'கிறுகு' என்ற வினையை நான் இப்போதுதான் கேள்விப்படுகிறேன். ஊர்ச்சொல்லைக் கலைச்சொல் ஆக்கினால் எல்லோருக்கும் எப்படிப் போய்ச் சேரும்? எதிரடிக்கு என் ஓட்டு.


மட்டக்களப்பிலிருந்து:

சென்னை நண்பருக்கு முதலில். ஆப்புக்கு அந்தப் பொருள் இங்கேயும் உண்டு. அதனால் நட்டம் இல்லை. ஒரு தடவை கேட்டவன் மறக்க மாட்டான். ஆனால் வாள், ரம்பம் தகராறு உண்மையானது. இரண்டையும் விட்டுவிட்டு 'ஆப்புத்தகடு' என்று வைத்தால் என்ன? தச்சன் கையில் எடுத்துப் பார்த்தாலே பெயர் புரியும். வாளாப்பை நான் மீளப் பெற்றுக்கொள்கிறேன். ஒரு இரவு முழுக்க அந்தச் சொல்லில் மயங்கிக் கிடந்தது என் பிழை.

ஊர்ச்சொல் பற்றி. 1936இல் சென்னையில் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய விபுலாநந்த அடிகள், அக்கரைப்பற்று நண்பரின் மாவட்டத்திலேயே உள்ள காரைதீவில் பிறந்தவர். கிழக்கிலிருந்து சென்னைக்குச் சொல் போவது புதிதில்லை என்று சொல்லி வைக்கிறேன், வேறொன்றுமில்லை.

பகிடி போக, கிறுகடியைத் தூக்கிப் போட எனக்கு மனம் வரவில்லை. காரணம், அது எதிரடிக்கு மறுபெயர் இல்லை. நான் முதல் மடலில் இரண்டு காரணத்தையும் ஒரே மூச்சில் சொல்லிக் கடந்துவிட்டேன், பிரித்துச் சொல்லியிருக்க வேண்டும். தடம் நெரிந்து வருவது ஒரு வகை. பலகை கிறுகி வருவது இன்னொரு வகை. தடுக்கும் முறையும் வேறு. நெரிவுக்கு நல்ல காய்ந்த மரமும், அரிகிற நேரம் கவனமும், கைவாளானால் தடத்துக்கு இரு பக்கமும் முட்டுக் கொடுப்பதும் வேண்டும். தொங்குகிற பலகையை இரண்டு கதிரைக்கு நடுவில் வைத்து அரிந்தால், நடு இறங்கி வாளைக் கவ்வாமல் என்ன செய்யும்? கிறுகலுக்கு வழிகாட்டிச் சட்டம் வாளுக்குச் சமாந்தரமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்பால் போகப் போகச் சட்டம் வாளை நெருங்கினால் பலகை ஏறுகிற பல்லில் போய் அழுந்தும். சட்டம் இல்லாமல் வெறுங்கையால் தள்ளுவதைப் பற்றி நான் எழுதவே போவதில்லை. இரண்டு வகைக்கும் ஆப்புத்தகடு உதவும், ஏனென்றால் அது தடத்தைத் திறந்து வைப்பதோடு, பலகை ஏறுகிற பல்லின் பக்கம் சாய்வதையும் மறிக்கிறது.

ஆகவே எதிரடி பொதுப்பெயர். அதில் ஒரு வகை கிறுகடி. சென்னையில் அதைத் 'திருகடி' என்று சொல்லிக்கொள்ளட்டும், இரண்டு எழுத்துத்தானே.

கிரைண்டர் விடயத்தில் அக்கரைப்பற்று நண்பர் சொன்னதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம். முதல் வரி அதுதான்.


களுவாஞ்சிகுடியிலிருந்து:

எல்லாருக்கும் நன்றி. நேற்று இரவு திருத்தி எழுதியது இப்படி வந்திருக்கிறது:

'கிரைண்டரில் மரம் அரிகிற பல் தட்டைப் பூட்டாதே. மேசைவாளில் ஆப்புத்தகட்டைக் கழற்றாதே. கழற்றினால் எதிரடி வரும். எதிரடி என்றால் கட்டை நீ நிற்கும் பக்கமே திருப்பி அடிப்பது. வாளின் நேர்கோட்டில் நிற்காதே. சிறு துண்டைக் கையால் தள்ளாதே, தள்ளுகோல் எடு. கையுறை போட்டுக்கொண்டு அரியாதே, பல் அதைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுக்கும். பல் தட்டை மாற்றுமுன் பிளக்கைக் கழற்று.'

கையுறை வரியை அண்ணன் நம்பவில்லை. பாதுகாப்புக்குக் கையுறை போடாதே என்று யாராவது எழுதுவார்களா, பிழையாக அடித்துவிட்டாய் என்றார். அதற்குக் கொஞ்ச நேரம் வாதாட வேண்டியிருந்தது. எதிரடியை மட்டும் ஒன்றும் கேட்காமல் ஏற்றுக்கொண்டார். வாசித்து முடியுமுன்பே இடப்பக்கம் ஒதுங்கி நின்று காட்டினார்.

இன்னும் ஒன்று மிச்சம். 2022இல் மணிக்கணக்காகக் கரண்ட் போன நாட்களில் எங்கள் வளவில் ஒருவர் வாள் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போக, சுவிச்சை அணைக்காமல் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார். கரண்ட் வந்ததும் ஆளில்லாத கொட்டிலில் வாள் தானாகச் சுற்றத் தொடங்கிவிட்டது. பக்கத்தில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். நல்ல மேசைவாள்களில் இதற்கென்று ஒரு சுவிச் வரும். கரண்ட் போனால் தானே விழுந்துவிடும், திரும்ப வந்தாலும் நாம் அமத்தும்வரை எழும்பாது. 'மின்னிழப்பு விடுவிப்பு ஆளி' என்று ஒரு சொல் என் குறிப்பில் கிடக்கிறது. அண்ணனுக்கு வாசித்துக் காட்ட எனக்குத் துணிவு இல்லை.