வாஷிங் மெஷினுக்கு அடியில் தேங்கும் தண்ணீர்: உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

தாம்பரத்துக்காரர்:

எங்கள் வீட்டில் ஏழு ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும், முன்பக்கக் கதவு கொண்ட வாஷிங் மெஷின், சென்ற ஐப்பசி மழையின்போது பால்கனித் தரையை நனைக்கத் தொடங்கியது. சாரல்தான் உள்ளே அடிக்கிறது என்று நினைத்து இரண்டு வாரம் துடைத்துக்கொண்டே இருந்தோம். மழை விட்ட பிறகும், துவைக்கிற நாள்களில் மட்டும் முன்புற வலது காலருகே ஒரு தாம்பாள அகலத்துக்குத் தண்ணீர் நிற்பதைப் பார்த்த பிறகுதான், மழையின் மேல் பழி போட்டது தவறு என்பது புரிந்தது.

பழுதுபார்க்க வந்தவர் மெஷினை நகர்த்தவும் இல்லை, ஓட்டிப் பார்க்கவும் இல்லை. ஆயில் சீல் (துணி சுழலும் டிரம்மின் அச்சு வழியே தண்ணீர் வெளியேறாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) போயிருக்கும், அந்த அச்சைத் தாங்கிச் சுழலவிடும் பேரிங்கோடு சேர்த்து மாற்ற 9,000 ரூபாய் ஆகும் என்று நின்ற நிலையிலேயே சொல்லிவிட்டு, வந்து பார்த்ததற்கு 400 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். அவர் சொன்னது உண்மையாகவே இருந்தாலும், பார்க்காமல் சொன்னதை நம்பி அவ்வளவு பணத்தைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிளக்கைப் பிடுங்கிவிட்டு மெஷினை ஒரு முழம் முன்னுக்கு இழுத்து, பழைய வேட்டியால் தரையையும் அடிப்பாகத்தையும் ஈரமில்லாமல் துடைத்து, முன்னால், பின்னால், இரு பக்கங்கள் என நான்கு இடங்களில் செய்தித்தாளைத் தனித்தனியாக விரித்தேன். பிறகு துணி எதுவும் போடாமல் சிறிய சுற்று ஒன்றை ஓடவிட்டு, முக்காலியில் டார்ச்சுடன் உட்கார்ந்துகொண்டேன். (என் மனைவி இரண்டு முறை வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார்.) தண்ணீர் ஏறும்போது நான்கு தாள்களும் உலர்ந்தே இருந்தன என்பதால், தண்ணீர் வரும் ஹோஸ், அதன் வால்வு, பவுடர் போடும் இழுப்பறை ஆகியவற்றின் மீதிருந்த சந்தேகம் நீங்கியது. டிரம் சுழன்ற பத்து நிமிடமும் ஒரு சொட்டுகூட இல்லை. ஆயில் சீல் உண்மையிலேயே போயிருந்தால், டப்பில் (டிரம்மைச் சுற்றியுள்ள தண்ணீர்த் தொட்டியில்) தண்ணீரோடு டிரம் சுழலும்போதே பெரும்பாலும் கசிந்திருக்கும். பம்ப் உறுமிக்கொண்டு அழுக்குத் தண்ணீரை வெளியே தள்ளத் தொடங்கிய அரை நிமிடத்தில், பின்பக்கத் தாளின் ஓர் ஓரம் கறுத்தது. அந்தக் கறுப்பு விரிந்து, பால்கனியின் சரிவுக்கேற்ப முன்னால் ஓடி, வழக்கமான வலது காலருகே வந்து நின்றது. இத்தனை நாளும் நான் முன்னால் தேடியதன் காரணம் இந்தச் சரிவுதான்.

பிளக்கை மறுபடியும் பிடுங்கிவிட்டு வெளியேற்றும் ஹோஸை விரலால் தடவிப் பார்த்தபோது, தரையிலிருந்து நான்கு விரற்கடை உயரத்தில், மடிப்புகளுக்கு நடுவே, அரிசி நீளத்தில் இரண்டு கீறல்கள் அருகருகே இருந்தன. எலிப் பல். எலியின் முன்பற்கள் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பதால், அவற்றைத் தேய்க்க அதற்கு எதையாவது கடித்துக்கொண்டே இருக்க வேண்டும். பம்ப் ஓடும்போது மட்டுமே அந்த இடத்தில் தண்ணீர் விசையோடு செல்வதால் கசிவும் அப்போது மட்டுமே தெரிந்தது. புது ஹோஸ் 350 ரூபாய், மாட்ட அரை மணி நேரம். நண்பர்கள் தங்கள் அனுபவத்தை எழுதும்போது, மெஷின் எந்தக் கட்டத்தில் இருந்தபோது கசிந்தது என்பதையும் சேர்த்து எழுதினால் மற்றவர்களுக்கு உதவும்.

கோவைவாசி:

எங்களுக்கு நேர்ந்தது துவைக்கும் கட்டத்தில். ஆனால் எதுவும் உடையவும் இல்லை, கிழியவும் இல்லை. கணவரின் பணிமாற்றத்தால் சென்னையிலிருந்து கோவைக்கு அதே மெஷினோடு குடிவந்தோம். வந்த முதல் வாரமே பவுடர் போடும் இழுப்பறையின் விளிம்பிலிருந்து நுரை பொங்கி வழிந்து, முன்பக்கமெல்லாம் வெள்ளைக் கோடுகளாக இறங்கியது. லாரியில் ஏற்றி இறக்கியதில் ஏதோ உடைந்துவிட்டது என்று முடிவு செய்து, ஏற்றி வந்தவர்களோடு தொலைபேசியில் சண்டையும் போட்டுவிட்டேன்.

உண்மைக் காரணம் தண்ணீர். சென்னையில் எங்களுக்கு ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர். அதில் கால்சியமும் மக்னீசியமும் மிகுதி என்பதால் நுரை எளிதில் எழும்பாது, ஆகவே இரண்டு கரண்டி பவுடர் போட்டுப் பழகியிருந்தோம். இங்கே எங்கள் பகுதிக்கு வருவது சிறுவாணித் தண்ணீர். அந்த மென்மையான தண்ணீரில் அதே இரண்டு கரண்டி, போதாக்குறைக்கு என் மாமியார் கல்லில் துவைப்பதற்காக வாங்கி வைத்திருந்த கைத்துவைப்புப் பவுடர். முன்பக்கக் கதவு மெஷின் குறைந்த தண்ணீரில் துணியைத் தூக்கிப் போட்டுத் துவைக்கிறது. நுரை அதிகம் எழும் பவுடரைப் போட்டால் அது போக இடமின்றி மேலே ஏறி இழுப்பறை வழியாகத்தான் வெளியே வரும். பவுடரே இல்லாமல் மூன்று சுற்று வெறுமனே ஓட்டிய பிறகே பழைய நுரை முழுவதும் தீர்ந்தது. இப்போது மெஷினுக்கான பவுடர் முக்கால் கரண்டி போதுமானதாக இருக்கிறது. அத்தை இன்னமும் நுரை வராத துணி துவைத்த துணியே அல்ல என்றுதான் சொல்கிறார்.

திருச்சி அப்பா:

சுருக்கமாகச் சொல்கிறேன். தண்ணீர் ஏறிய உடனேயே எங்கள் மெஷின் கீழ்மூலையில் சொட்டியது. முந்தின நாள் நானேதான் அடியிலுள்ள பில்டரைத் திருகி எடுத்து, இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களையும் ஒரு சேலை ஊக்கையும் மகளின் தலைமுடிக் கற்றையையும் வெளியே எடுத்துவிட்டுப் பெருமையோடு மூடியிருந்தேன். மூடியின் ரப்பர் வளையத்தின் மேல் ஒரே ஒரு துண்டு நூல் ஒட்டியிருந்திருக்கிறது. அதைத் துடைத்து எடுத்து, திருகு நேராக ஏறும்படி பார்த்து மூடியதும் கசிவு நின்றது.

மெக்கானிக் அண்ணன்:

இருபது ஆண்டுகளாக இந்த மெஷின்களைத் திறந்து மூடுவதே என் தொழில். தாம்பரத்து ஐயா சொன்ன அந்த மனிதரைப் போல எங்களில் சிலர் இருப்பதை மறுக்க மாட்டேன். ஆனால் ஆயில் சீல் போவது பொய்க்கதை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். பிழியும் கட்டத்தில் விமானம் கிளம்புவது போன்ற இரைச்சல், மெஷினின் நடுப்பகுதிக்கு நேர் கீழே சொட்டு, பின்தகட்டைக் கழற்றினால் நடுவிலிருந்து இறங்கும் துருக்கோடு ஆகிய மூன்றும் சேர்ந்து இருந்தால் அது சீல்தான். வெறும் டிரம்மின் மேல்விளிம்பைக் கையால் மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். டப் முழுவதும் சேர்ந்து ஆடினால் கவலையில்லை, டிரம் மட்டும் தனியாகக் கடகடவென்று ஆடினால் பேரிங் தேய்ந்துவிட்டது என்று பொருள். சில மாடல்களில் டப்பின் இரு பாதிகளையும் ஒட்டியே செய்திருப்பார்கள். அவற்றில் சீலை மட்டும் மாற்ற வழியில்லாமல் டப்பையே மாற்ற வேண்டியிருப்பதால் செலவு ஏறும்.

இதுவரை யாரும் குறிப்பிடாத இன்னொரு வகை, மெஷின் அணைந்திருக்கும்போது வரும் கசிவு. அண்மைக் காலமாக அடுக்குமாடிகளில் பிரஷர் பம்ப் வைக்கிறார்கள். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து பத்து மீட்டர் கீழே வரும் தண்ணீருக்கு ஒரு பார் அழுத்தம்தான். பம்ப் அதைப் பல மடங்காக்கும்போது, தண்ணீர்க் குழாயில் மாட்டிய பழைய ஹோஸின் வாஷர் முதலில் கைவிடுகிறது. புது வாஷர் போட்டுக் கையால் இறுக்கினால் போதும். குறடு போட்டு முறுக்கிப் பிளாஸ்டிக் நட்டை விரியவிட்ட வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். சென்ற மாதம் ஒரு வீட்டில், யாரும் தொடாத மெஷினின் டப்பில் இரவு முழுவதும் தண்ணீர் ஏறி, காலையில் கூடம் வரை வந்திருந்தது. தொட்டியிலிருந்து வந்த மண்துகள் ஒன்று வால்வுக்குள் சிக்கி, அதை முழுதாக மூடவிடாமல் செய்திருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க, தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும்போதே ஸ்விட்சை அணைத்துப் பாருங்கள். அதன் பிறகும் தண்ணீர் விழும் ஓசை கேட்டால் வால்வை மாற்றியாக வேண்டும். அதுவரை துவைத்து முடித்ததும் குழாயை மூடிவிடுங்கள். உண்மையில் வால்வு நன்றாக இருக்கும் வீடுகளிலும் மூடுவதே நல்லது.

தாம்பரத்துக்காரர்:

மெக்கானிக் அண்ணனுக்கு நன்றி. டிரம்மை ஆட்டிப் பார்த்தேன். டப்போடு சேர்ந்துதான் ஆடுகிறது. மெஷினின் அடிப்பக்கம் திறந்தே இருந்ததால் கம்பி வலை வெட்டிப் பொருத்தி, ஹோஸுக்கும் தரையோடு செல்லும் பகுதியில் பிவிசி குழாயை உறையாக மாட்டிவிட்டேன். மூன்று மாதமாகத் தாள் நனையவில்லை. நேற்று கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து, தங்கள் ஏசியின் தண்ணீர்க் குழாயில் அரிசி நீளத்தில் இரண்டு கீறல்கள் இருப்பதாகவும், அந்தக் கம்பி வலை எந்தக் கடையில் கிடைக்கும் என்றும் கேட்டார்.