கான்ஃப்ளூயன்ஸில் பிளகின் கழற்றிய கதைகள்

எங்கள் ஆபீஸில் கான்ஃப்ளூயன்ஸ் (எல்லோரும் சேர்ந்து ஆவணப் பக்கங்கள் எழுதி வைக்கும் மென்பொருள்) சொந்த சர்வரில் ஓடுகிறது. ஒரு அப்டேட்டுக்கு அப்புறம் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் இழுஇழுவென்று இழுத்தது. எந்த பிளகின் (கூடுதல் வசதிக்காக அதில் சேர்க்கும் துணை மென்பொருள்) காரணம் என்று தெரியவில்லை. அட்மின் பகுதியில் சேஃப் மோட் என்று ஒன்று உண்டு. போட்டால், நாமாக நிறுவிய பிளகின்கள் அத்தனையும் ஒரேயடியாக நின்றுவிடும். போட்டேன், வேகம் திரும்பியது. சரி, பிளகின்தான் என்று உறுதியானது.

உடனே வேறு பிரிவிலிருந்து போன். "படம் இருந்த இடத்தில் 'அன்னோன் மேக்ரோ' என்று வருகிறதே, எல்லாம் அழிந்துவிட்டதா?" அழியவில்லை. படத்தைக் காட்டும் பிளகின் ஓடவில்லை, அவ்வளவுதான். ஆனால் அந்த நேரத்தில் யாராவது பக்கத்தை எடிட் செய்து மேக்ரோவை, அதாவது பிளகின் தன் வேலையைக் காட்டும் அந்தப் பகுதியை, தூக்கிவிட்டால் வம்பு. அதனால் யாரும் கை வைக்க வேண்டாம் என்று முதலில் எல்லோருக்கும் செய்தி அனுப்பினேன். பிறகு பிளகின்களை ஒவ்வொன்றாக எனேபிள் செய்து பார்த்ததில் ஆள் சிக்கியது.

சேஃப் மோடிலிருந்து வெளியே வரும்போது, பழைய நிலைக்குத் திரும்பவா, இப்போதிருப்பதையே வைத்துக்கொள்ளவா என்று கேட்கும். பழைய நிலையைத் தேர்ந்தெடுத்தால் பிடிபட்ட பிளகினும் சேர்ந்தே எழுந்துவிடும், கவனம்.

---

கழற்றிய பிறகும் மிச்சம் இருக்கும் என்பது என் அனுபவம். 2022 ஜூலையில் கான்ஃப்ளூயன்ஸைத் தயாரிக்கும் அட்லாசியன் நிறுவனம், 'குவெஸ்சன்ஸ் ஃபார் கான்ஃப்ளூயன்ஸ்' என்ற தன் சொந்த பிளகின் பற்றியே எச்சரிக்கை விட்டது. அதன் சில வெர்ஷன்கள் 'டிஸேபிள்ட்சிஸ்டம்யூசர்' என்று ஒரு கணக்கை உருவாக்கி வைத்திருந்தன. பாஸ்வேர்டு பிளகினின் கோடிலேயே எழுதப்பட்டிருந்தது; அதைத் தெரிந்துகொண்டவர் யாரும் உள்ளே நுழையலாம். பிளகினை அன்இன்ஸ்டால் செய்தாலும் அந்தக் கணக்கு தானாகப் போகாது.

"அதைத்தான் எப்போதோ எடுத்துவிட்டோமே" என்றார் மேலாளர். யூசர் பட்டியலில் தேடினால், கணக்கு ஜம்மென்று ஆக்டிவாக உட்கார்ந்திருந்தது! கடைசி லாகின் நேரம் காலியாக இருந்ததைப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது. கையோடு கணக்கை முடக்கினேன். இப்போதெல்லாம் எந்த பிளகினைக் கழற்றினாலும் யூசர் பட்டியலையும் ஒரு தடவை பார்த்துவிடுகிறேன்.

---

ஆபீஸில் செய்தி அனுப்பிக்கொள்ள எங்களிடம் இருப்பது ஸ்லாக்; அதிலும் பிளகின் போல ஆப்கள் சேர்க்கலாம். யார் வேண்டுமானாலும் ஆப் சேர்க்கலாம் என்றிருந்ததை அட்மின் ஒப்புதல் வேண்டும் என்று மாற்றினோம். முணுமுணுப்பு இருக்கத்தான் செய்தது. ஏற்கெனவே சேர்த்தவற்றின் அனுமதிகளைத் திறந்து பார்த்தபோது, வெறும் நினைவூட்டல் அனுப்பும் ஆப் ஒன்று சேனல் செய்திகளைப் படிக்கவும் அனுமதி வாங்கி வைத்திருந்தது. அதைச் சேர்த்தவரிடம் கேட்டால், அவர் அதைப் பயன்படுத்துவதையே விட்டுவிட்டாராம்.